டோரிஸ் பர்க்: ஆட்டத்தை விளக்கும் இருக்கை அவருக்கு ஏன் இவ்வளவு தாமதமாகக் கிடைத்தது?

ஆறாவது ஆள்

2024 ஜூன் 7, வெள்ளிக்கிழமை. இங்கே காலை ஆறு மணி, பாஸ்டனில் வியாழன் இரவு எட்டரை. அமெரிக்கத் தொழில்முறை கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் இறுதித் தொடரில் முதல் ஆட்டம், செல்டிக்ஸும் டல்லஸ் மேவரிக்ஸும். வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மாதத்துக்கு மேல் காயத்தில் இருந்த போர்சிங்கிஸ் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து முதல் பாதியிலேயே 18 புள்ளி எடுத்தார். 107-89 என்று செல்டிக்ஸ் ஜெயித்தது. அந்தக் காலையை நான் மறக்காததற்குக் காரணம் காதில் கேட்ட குரல். மைக் பிரீன், ஜேஜே ரெடிக், அவர்களோடு டோரிஸ் பர்க்.

அமெரிக்காவின் பெரிய ஆண்கள் தொழில்முறை லீக் எதிலும், இறுதித் தொடரின் தொலைக்காட்சி ஒளிபரப்பில் அனலிஸ்டாக ஒரு பெண் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அப்போது அவருக்கு வயது 58. மைக் பிடிக்கத் தொடங்கி 34 வருடம் ஆகியிருந்தது.

கூடைப்பந்து அதிகம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே ஒளிபரப்பில் மூன்று வேலை உண்டு. ஒருவர் நடப்பதை நடக்கும்போதே சொல்வார். பக்கத்தில் இருக்கும் அனலிஸ்ட், அது ஏன் அப்படி நடந்தது என்று விளக்குவார். மூன்றாமவர் கோர்ட் ஓரத்தில் மைக்கோடு நின்று கோச்சிடமும் ஆட்டக்காரர்களிடமும் கேள்வி கேட்பார். இந்த மூன்றாவது வேலைக்குப் பெண்களை எடுப்பதில் சேனல்களுக்குப் பெரிய தயக்கம் இருந்ததில்லை. கேள்வி கேட்பவருக்கு ஆட்டம் தெரிந்திருக்கிறதா என்று பார்வையாளர் சோதிப்பதில்லை. விளக்குபவர் விஷயம் வேறு. "எனக்குத் தெரியும், நான் சொல்கிறேன், கேள்" என்ற இடத்திலிருந்து அவர் பேசுகிறார். ஆண்கள் ஆட்டத்தைப் பற்றி ஒரு பெண் அந்த இடத்திலிருந்து பேசலாம் என்று ஒத்துக்கொள்வதற்குத்தான் அவர்களுக்கு இத்தனை காலம் தேவைப்பட்டது.

அவர் வந்த வழியைப் பாருங்கள். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. நியூஜெர்சியில் மனஸ்க்வான் என்ற கடலோர ஊரில் வளர்ந்தவர். இரண்டாம் வகுப்பிலேயே பந்தைக் கையில் எடுத்துவிட்டார். 1983இல் பிராவிடன்ஸ் கல்லூரி அணியில் பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர். முதல் வருடமே, கல்லூரி அணிகளின் குழுவான பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸிலேயே அதிக அசிஸ்ட் (கூடையில் முடியும் பாஸ்) அவருடையது. 1987இல் படிப்பு முடித்து வெளியே வரும்போது 602 அசிஸ்ட். அதுவரை அந்தக் கல்லூரியில் யாரும் அத்தனை எடுத்ததில்லை. பிறகு அங்கேயே உதவிக் கோச். குடும்பம் வேண்டும் என்று 1990இல் அந்த வேலையை விட்டார். அதே வருடம் கல்லூரிப் பெண்கள் ஆட்டங்களுக்கு ரேடியோவில் அனலிஸ்ட்.

கவனியுங்கள், அவர் தொடங்கியதே விளக்கும் வேலையில்தான். 1996 முதல் பிக் ஈஸ்ட் ஆண்கள் ஆட்டங்கள். 2000இல் நியூயார்க் நிக்ஸ் ஆட்டத்துக்கு ரேடியோவிலும் தொலைக்காட்சியிலும் வர்ணனை செய்த முதல் பெண். இவ்வளவுக்கும் பிறகு 2009 முதல் 2019 வரை இறுதித் தொடரில் அவருக்குக் கொடுத்த இடம் கோர்ட் ஓரம். தேசிய ஒளிபரப்பில் என்பிஏ ஆட்டங்களுக்கு நிரந்தர அனலிஸ்ட் ஆனது 2017இல். 27 வருட வேலைக்குப் பிறகு.

எனக்கு இது மனதை அறுக்கும் விஷயம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வேப்பங்காற்று

தொடங்கியதற்கு நன்றி. நான் கல்லூரியில் மூன்று வருடம் பாயின்ட் கார்டு ஆடியவள், அதனால் 602 அசிஸ்ட் என்ற இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன்.

அசிஸ்ட் என்றால் பாஸ் கொடுப்பதுதானே என்று பலர் நினைக்கிறார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டும்போது பாயின்ட் கார்டு பந்தைப் பார்ப்பதே இல்லை. நம் சென்டர் ஸ்கிரீன் போட (எதிராளியின் வழியை உடம்பால் மறிக்க) மேலே ஏறி வருகிறாளா, அவளுடைய டிஃபென்டர் இடுப்பை எந்தப் பக்கம் திருப்புகிறாள், எதிர்க் கார்னரில் நிற்பவளைக் காவல் காப்பவளின் ஒரு கால் பெயின்ட்டுக்குள் (கூடைக்கு முன்னால் வண்ணம் பூசிய பகுதி) வந்துவிட்டதா, இதைத்தான் பார்த்துக்கொண்டே இருக்கணும். அந்தக் கால் உள்ளே வந்த அந்தக் கணம் கார்னர் காலி. அப்போது பந்து கையை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். அவள் கையைத் தூக்கிக் கூப்பிட்ட பிறகு கொடுத்தால் லேட்.

டோரிஸ் பேசுவதைக் கேட்டால் இந்தப் பழக்கம் அப்படியே இருக்கும். ஷாட் விழுந்ததும், அடுத்த அணி பந்தைக் கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே போட்டு ஏறி வருவதற்குள் ஏழெட்டு நொடிதான். அதற்குள் அவர் ஷாட் போட்டவரை விட்டுவிட்டு, யாருடைய கால் தப்பான இடத்தில் இருந்தது என்று சொல்லி முடித்துவிடுவார். ரீப்ளே பிறகு வந்து அதையே காட்டும். டிவி முன்னால் உட்கார்ந்து நான் கைதட்டிய நாட்கள் உண்டு.

இன்னொன்றும் சொல்கிறேன். எங்கள் இறுதியாண்டில் பெண்கள் ஃபைனலை உள்ளூர் கேபிளில் காட்டினார்கள். கணுக்கால் பிசகி நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். மைக் பிடித்தவர் வேறு விளையாட்டுக்காரர். ஆட்டம் முழுக்க "பெண்கள் ஆர்வத்தோடு ஆடுகிறார்கள்" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். எதிரணி இரண்டாவது குவார்ட்டரில், ஆளைக் காக்காமல் இடத்தைக் காக்கும் ஜோன் டிஃபென்ஸுக்கு மாறியது, எங்கள் கை அங்கேதான் கட்டுப்பட்டது. அது பார்த்தவர்கள் யாருக்கும் தெரியாமலே போனது. நான் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் என்னைக் கேட்கத் தோன்றவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இரண்டாவதுதான் இப்போது நினைத்தால் அதிகம் வலிக்கிறது.

பரமக்குடி பையன்

நல்ல இழை. ஒரு திருத்தம். டோரிஸ்தான் என்பிஏயில் முதல் பெண் அனலிஸ்ட் என்று பல இடத்தில் எழுதுகிறார்கள். அது சரியில்லை.

1996லேயே செரில் மில்லர் தேசிய ஒளிபரப்பில் என்பிஏ ஆட்டத்துக்கு அனலிஸ்டாக உட்கார்ந்துவிட்டார். யுஎஸ்சி கல்லூரி அணியின் செரில் மில்லர், பள்ளியில் ஒரே ஆட்டத்தில் 105 புள்ளி எடுத்தவர். அதற்கும் முன்னால் 1988இல் லியாண்ட்ரா ரெய்லி நெட்ஸ் ஆட்டம் ஒன்றுக்கு நேர்முக வர்ணனை செய்திருக்கிறார். 2015இல் ஸ்டெஃபனி ரெடி ஷார்லட் ஹார்னெட்ஸ் அணியின் உள்ளூர் ஒளிபரப்புக்கு முழுநேர அனலிஸ்ட், அவரும் கல்லூரியில் வாலிபாலும் கூடைப்பந்தும் ஆடியவர். 2017இல் புரூக்ளின் நெட்ஸுக்கு சாரா குஸ்டாக், அவர் டிபால் கல்லூரி ஆட்டக்காரர்.

டோரிஸின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. மற்றவர்கள் பெயர் விட்டுப்போகக் கூடாது.

ஆறாவது ஆள்

முழுக்கச் சரி. அதனால்தான் "தேசிய ஒளிபரப்பில் நிரந்தர" என்று எழுதினேன். ஆனால் அவர்கள் பெயர்களையும் நானே சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் பட்டியலைப் பார்த்ததும் ஒன்று தெரிகிறது. 1988இல் ஒருவர், 1996இல் ஒருவர், 2000இல் ஒருவர். ஒவ்வொரு தடவையும் பத்திரிகையில் "முதல் பெண்" என்று செய்தி வரும். அப்புறம் கதவு சாத்திக்கொள்ளும். அமெரிக்கக் கால்பந்திலும் இதே கதை. 1987 டிசம்பரில் கெய்ல் சீரன்ஸ் ஒரு என்எஃப்எல் ஆட்டத்துக்கு நேர்முக வர்ணனை செய்தார். அடுத்த பெண் பெத் மோவின்ஸ், 2017 செப்டம்பரில். நடுவில் முப்பது வருடம்! மோவின்ஸும் லஃபயெட் கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர்தான். முதலாவது ஆளாக இருப்பதைவிட, ஒவ்வொரு வாரமும் அதே நாற்காலியில் வந்து உட்காருவதுதான் கடினம். டோரிஸ் அதைச் செய்தார்.

செந்தாழை

இந்தப் பெண்களில் பலர் கல்லூரி ஆட்டக்காரர்களாக இருப்பது தற்செயல் இல்லை. 1972இல் டைட்டில் நைன் சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிறுவனத்தில் ஆண், பெண் என்று பாகுபாடு கூடாது என்பது அதன் சாரம். சட்டத்தில் விளையாட்டு என்ற சொல்லைத் தேடிக்கொண்டு போகத் தேவையில்லாமலே கல்லூரிகள் பெண்கள் அணிகளுக்கும் இடமும் உதவித்தொகையும் ஒதுக்க வேண்டியதாயிற்று. 1974இல் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் ஆன் மேயர்ஸ் நான்கு வருட முழு விளையாட்டு உதவித்தொகையோடு சேர்ந்தார். அப்படிச் சேர்ந்த முதல் பெண் அவர். 1979இல் இண்டியானா பேசர்ஸ் என்ற ஆண்கள் அணி அவரோடு ஒப்பந்தம் போட்டுத் தேர்வுக்கு அழைத்தது. அணியில் இடம் கிடைக்கவில்லை, பிறகு அவரும் மைக் பக்கம் வந்தார்.

சட்டம் வந்தபோது டோரிஸுக்கு ஆறு வயது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ பெண்கள் கூடைப்பந்துக்குச் சாம்பியன்ஷிப் நடத்தத் தொடங்கி ஒரு வருடம் கழித்து அவர் கல்லூரிக்குள் நுழைகிறார். பத்து வருடம் முன்னால் பிறந்திருந்தால் அந்த 602 அசிஸ்டும் இல்லை, ரேடியோ மைக்கும் இல்லை.

அதே காலத்தவர் ராபின் ராபர்ட்ஸ். சவுத்ஈஸ்டர்ன் லூசியானாவில் ஆயிரம் புள்ளி, ஆயிரம் ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது) இரண்டையும் தாண்டியவர், 1990இல் இஎஸ்பிஎன் என்ற விளையாட்டுச் சேனலுக்குப் போனார். ஆனால் அவர் பாதை செய்தி வாசிப்பு, நிகழ்ச்சி நடத்துவது என்று திரும்பிவிட்டது. ஆட்டத்துக்குள்ளேயே நின்றவர் டோரிஸ்.

குறுக்குப்பாஸ்

நான் நியூஜெர்சியில் இருப்பவன். இங்கே எல்லோரும் கோர்ட் ஓர வேலையைக் கொஞ்சம் சின்னதாகப் பேசுகிறீர்கள், அதில் எனக்கு உடன்பாடில்லை.

குவார்ட்டர் இடைவெளியில் கோச்சைப் பிடித்துக் கேள்வி கேட்க வேண்டும். 2025 வரை சான் அன்டோனியோ கோச்சாக இருந்த கிரெக் பாப்பவிச் இந்தப் பேட்டியை எவ்வளவு வெறுப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டே கேள்வி. அசட்டுக் கேள்வி கேட்டால் ஒரே வார்த்தையில் பதில், நிருபர் கோடிப் பேர் முன்னால் நிற்க வேண்டியதுதான். அவரிடம் போய் நிற்பதற்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும். ஆட்டம் தெரிந்தவர் என்பதால்தான் டோரிஸ் அங்கே தாக்குப்பிடித்தார்.

இன்னொரு நாளும் எனக்கு நினைவிருக்கிறது. 2016 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம், கிளீவ்லாந்து. வேறு சேனலில் பல்லாண்டு கோர்ட் ஓர நிருபராக இருந்த கிரெய்க் சேகர் ரத்தப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். அவருடைய சேனலுக்கு இறுதித் தொடர் உரிமை இல்லாததால் ஃபைனல்ஸில் வேலை செய்ததே இல்லை. அன்று ஒரு நாள் அவரை அழைத்தார்கள். டோரிஸும் அவரும் சேர்ந்து அந்த ஆட்டத்தைச் செய்தார்கள். ஆட்டம் முடிந்து லெப்ரான் ஜேம்ஸ் சேகரிடம், இத்தனை வருடம் உங்களுக்கு ஒரு ஃபைனல்ஸ் கூடக் கிடைக்காமல் எப்படி என்று பதில் கேள்வி கேட்டார். அந்த டிசம்பரில் சேகர் இறந்துபோனார். டோரிஸ் அன்று தன் இடத்தில் இன்னொருவர் நிற்க வழிவிட்டுப் பக்கத்தில் நின்றாரே, அதுவும் ஒரு அசிஸ்ட்தான் என்று எனக்குத் தோன்றியது.

மணல்மேடு

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். கல்லூரி ஆட்டங்களில் டோரிஸ் பேசியது எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2024, 2025 இறுதித் தொடர்களில் அந்த மூவர் கூட்டணி எனக்கு ஒட்டவே இல்லை. மூன்று பேரும் தனித்தனியாகப் பேசுவதுபோல் இருந்தது. இதைச் சொன்னால் உடனே "பெண் என்பதால் சொல்கிறாய்" என்கிறார்கள். வேலையைப் பற்றி விமர்சனமே செய்யக் கூடாதா? 2025 ஆகஸ்டில் அவரை எடுத்துவிட்டு டிம் லெக்லரை முதல் வர்ணனை அணியில் போட்டதும் ஒரு சேனலின் சாதாரண முடிவாக இருக்கலாம் இல்லையா?

ஆறாவது ஆள்

கோபமே இல்லை, மணல்மேடு. விமர்சிக்கலாம், விமர்சிக்கவும் வேண்டும். விளக்குபவர் என்ற இடத்தில் அவரை வைத்ததே அதற்காகத்தானே.

கூட்டணி ஒட்டவில்லை என்பது உண்மை. ஏன் ஒட்டவில்லை என்று பார்ப்போம். பிரீன், ஜெஃப் வான் கண்டி, மார்க் ஜாக்சன் மூவரும் 2007 முதல் சேர்ந்து பேசினார்கள், ஜாக்சன் கோச்சாகப் போன மூன்று வருடம் தவிர. 2023 கோடையில் வான் கண்டி, ஜாக்சன் இருவரையும் சேனல் வேலைநீக்கம் செய்தது. அந்த இடத்துக்கு டோரிஸும் டாக் ரிவர்ஸும் வந்தார்கள். 2024 ஜனவரியில், சீசன் நடுவில், ரிவர்ஸ் மில்வாக்கி கோச்சாகக் கிளம்பிவிட்டார். ரெடிக் வந்தார். இறுதித் தொடர் முடிந்த அதே ஜூனில் அவர் லேக்கர்ஸ் கோச். அடுத்து ரிச்சர்ட் ஜெஃபர்சன். இரண்டு சீசனுக்குள் பக்கத்து நாற்காலியில் மூன்று பேர்! மூன்று பேர் ஒரே மைக் நேரத்தைப் பங்கு போட, ஒருவர் மூச்சு விடும் இடம் இன்னொருவருக்குத் தெரிய வேண்டும். அதற்குக் காலம் வேண்டும். பழைய மூவருக்குப் பதின்மூன்று வருடம் கிடைத்தது.

2025 இறுதித் தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே அவரை மாற்றப்போகிறார்கள் என்று செய்தி கசிந்தது. ஓக்லஹோமாவுக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்த இண்டியானா கோச் ரிக் கார்லைல், பத்திரிகையாளர் சந்திப்பில் தானாகவே டோரிஸுக்காகப் பேசினார். இறுதித் தொடர் நடுவில் ஒரு கோச்சுக்கு அதற்கு நேரம் இருந்தது. உள்ளே இருப்பவர்கள் அவரை எப்படி எடைபோட்டார்கள் என்பதற்கு எனக்கு அது போதும்.

சேனல் முடிவு சாதாரணமானதாக இருக்கலாம். எனக்கு வருத்தம் அதனால் குறையவில்லை.

மணல்மேடு

பக்கத்து நாற்காலி விஷயத்தை நான் இப்படிப் பார்க்கவில்லை. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தொடரின் ஐந்தாவது, ஆறாவது ஆட்டங்களில் அவர் அடக்கி வாசித்ததுபோல் எனக்குப் பட்டது. அந்தக் கருத்து மாறவில்லை.

செந்தாழை

உங்கள் வேலை போகப்போகிறது என்று நாடே பேசிக்கொண்டிருக்கும்போது நேரலையில் பேச வேண்டியிருந்தால் யாருக்கும் குரல் கொஞ்சம் அடங்கும்.

டவுன்டவுன் தம்பி

அண்ணன்மார் அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 19 வயது. டோரிஸ் குரல் எனக்கு டிவியில் அறிமுகம் இல்லை, வீடியோ கேமில்தான். என்பிஏ டூகே வரிசையில் 2கே11இல் கோர்ட் ஓர நிருபராக வந்தவர் அவர்தான். அண்ணன் ஆட, பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். நிஜ ஆட்டம் பார்க்க ஆரம்பித்தபோது, "இந்தக் குரல் நம் வீட்டுக் குரல் ஆச்சே" என்று தோன்றியது. ஒரு பெண் கூடைப்பந்தை விளக்குவது எனக்கு வினோதமாகவே படவில்லை. வினோதமாகப் படும் என்பதே இந்த இழையைப் படித்துத்தான் தெரிந்தது.

2020 விஷயத்தை யாரும் சொல்லவில்லையே? மார்ச் 11, கொரோனாவால் லீக் நின்ற அந்த ராத்திரி டல்லஸ் ஆட்டத்தில் அவர் வேலையில் இருந்தார். அப்புறம் அவருக்கே தொற்று உறுதியாகி, அதை வெளிப்படையாகச் சொன்னார். அதே வருடம் ஆர்லாண்டோவில் பூட்டிய வளாகத்துக்குள் இறுதித் தொடர். ரேடியோவில் அனலிஸ்ட் டோரிஸ்.

ஆறாவது ஆள்

தம்பி, சரியான இடத்தில் ஞாபகப்படுத்தினாய். இறுதித் தொடரை விளக்கிய முதல் பெண் என்ற பெயர் அங்கேயே வந்துவிட்டது, ரேடியோவில். 2018இல் கூடைப்பந்து ஹால் ஆஃப் ஃபேம் அவருக்கு ஊடகத்தினருக்கான கர்ட் கவ்டி விருது கொடுத்ததையும் நான் விட்டுவிட்டேன்.

பி.டி. வாத்தியார்

நான் ஒரு அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். பெண்கள் கூடைப்பந்து அணியைப் பார்த்துக்கொள்கிறேன். வேப்பங்காற்று எழுதிய அந்தக் கேபிள் டிவி கதை மூன்று நாளாக என்னை விடவில்லை. அதனால் நேற்று ஒரு காரியம் செய்தேன்.

எங்கள் பாயின்ட் கார்டு பதினோராம் வகுப்பு. கோர்ட்டில் வாய் ஓயாது, வெளியே வந்தால் பேச்சே வராது. பழைய ஆட்டம் ஒன்றைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, என் செல்போனில் ரெக்கார்டரைப் போட்டு அவள் கையில் கொடுத்து, "நீ பார்ப்பதைச் சொல்" என்றேன். முதல் ஐந்து நிமிடம், "பால் போகுது சார், ஷாட் போட்டாங்க சார், உள்ளே போயிடுச்சு சார்." என்னைப் பார்த்துப் பார்த்துப் பேசினாள். நான் எழுந்து வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டேன்.

பிறகு பதிவைக் கேட்டேன். பன்னிரண்டாவது நிமிடம் வாக்கில் "சார்" காணாமல் போயிருந்தது. "இப்ப மேல ஸ்கிரீன் வரும், வெள்ளை பதினொண்ணு பின்னாடி பாக்கல, அங்க போடு, போடு" என்கிறாள். ஒரு நொடி கழித்து, "போட்டுட்டா!" நான் வீடியோவைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்கிரீன் வருவதற்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறாள்.

வேப்பங்காற்று

சார், இதைப் படித்துவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன். அந்தப் பதிவை இங்கே போட முடியுமா?

பி.டி. வாத்தியார்

அவளுடைய அம்மாவிடம் கேட்காமல் போடக் கூடாது அம்மா, கேட்டுவிட்டுச் சொல்கிறேன். ஆனால் அவளே இதைப் போட வேண்டாம் என்கிறாள். மூன்று இடத்தில் தப்பாகச் சொல்லிவிட்டாளாம். சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் வேறொரு ஆட்டத்துக்குப் பேசிப் பதிவு செய்ய வேண்டும் என்று போனை இப்போதே கேட்டு வைத்திருக்கிறாள்.